பூவிழியின் பின்னந்தலை

விக்கிரமங்கலத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் வீரமுத்துவின் தலையில் முடி வளர்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. வழுக்கை என்று நினைத்துவிட வேண்டாம். மாசம் தவறாமல் ஒட்ட வெட்டிவிடுகிற ஆள். அவனுடைய அப்பா ராசாங்கம், கரும்பு வெட்டுக்குப் போகிற இடத்துக்கெல்லாம் பையனையும் இழுத்துக்கொண்டு போனவர். போன இடத்தில் தலைக்குக் குளிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? வெயிலுக்கும் பேனுக்கும் சேர்த்து ஒரே வைத்தியமாக மிஷினை ஓட்டிவிடுவார். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணப் போட்டோவில்கூட வீரமுத்து, மாலை போட்ட போலீஸ்காரன் மாதிரித்தான் நிற்பான்.

படிப்பு ஏழாவதோடு சரி. அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டுகிற பட்டறையில் கொஞ்ச காலம் கிடந்தான். பிறகு ஊரோடு வந்து, மெயின் ரோட்டோரம் தகரம் போட்டு, ஒரு கம்ப்ரசரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கடை ஆரம்பித்தான். பேச்சு கம்மி. பேசினாலும் கடுகடுவென்றுதான் இருக்கும். ஆனால் வேலை சுத்தம். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்ததும் ஒட்டிக் கொடுத்துவிட மாட்டான். அது ஏன் வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவான். நேரமாகிறது என்று கோவித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

அவன் பெண்சாதி மலர்கொடி, வரதராஜன்பேட்டைப் பக்கத்துப் பெண். அவளுக்கு முடி அலையலையாக இடுப்பு வரைக்கும் இருக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவி, காய்ந்த முடியில் சீப்பை வைத்து நாலு இழுப்பு இழுத்தால் படிந்துவிடும். முடி என்பது ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை. மகள் பூவிழிக்கு அடுத்தடுத்து மொட்டை போட்டு, பிறகு கிராப்பு வைத்து, மூன்றாவது படிக்கும்போதுதான் முடியை வளரவிட்டார்கள். அது தோளைத் தொட்டுக் கீழே இறங்கிய சமயத்தில் மலர்கொடி சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும்படி ஆகிவிட்டது. கட்டிய வீடு தளம் போடாமல் நின்றது. ஒப்பந்தம் இரண்டு வருஷம்.

திருச்சி ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன்னால் அவள் அழவில்லை. புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“சோறு ஒங்கக்கா ஆக்கிப் போட்டுரும். புள்ள தலைய மட்டும் அதுகிட்ட வுட்றாதிங்க. நீங்களே பாருங்க. எண்ணெ வச்சு, படிய சீவி, ரெட்ட சடை. அம்புட்டுதான்.”

அக்கா அம்பிகா அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். நல்ல மனுஷிதான், கைதான் இரும்பு. அவள் கொண்டையை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. சாணி மெழுகிய மாதிரி எண்ணெயை அப்பி, உச்சந்தலை தெறிக்க இழுத்துக் கட்டி வைத்திருப்பாள். சிக்கு என்றால் அவளுக்குத் தெரிந்தது இரண்டே வழிதான். ஒன்று பிய்த்து எடுப்பது, இன்னொன்று வெட்டி எறிவது.

மறுநாள் காலையிலிருந்து வீரமுத்து மகள் தலையைப் பிடித்தான். லாரி டயரை நெம்பிப் பழகிய கை, பிள்ளையின் தலையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. முன்பக்கம் வம்பில்லை. சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. உச்சிக்கு வந்ததும் முரண்டு பிடித்தது. பின்னந்தலைக்குப் போனால் சீப்பு அப்படியே நின்றுவிட்டது. இழுத்தால் பிள்ளை தலையோடு சேர்ந்து பின்னால் வந்தது. சீப்பில் ஒரு பல் ஒடிந்து முடிக்குள் போய்விட்டது. அதை எடுப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

அடுத்த தொல்லை சடை நிற்காதது. ரிப்பனை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பத்து மணிக்குள் பின்னந்தலை புஸ்ஸென்று கிளம்பி, ரிப்பன் நழுவி, பிள்ளை ஒற்றைச் சடையோடு வீட்டுக்கு வந்தது. சடை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம். வீரமுத்து யோசித்தான். கடையில் கழித்துப் போட்ட சைக்கிள் டியூப் கிடந்தது. அதைக் குறுக்கே நறுக்கினால் வளையம் வளையமாக ரப்பர் கிடைக்கும். அந்த ஊரில் அந்த வளையம் இல்லாத வீடு கிடையாது. அரிசி மூட்டை வாய்க்கு, கேரியரில் கட்டிய டிபன் பாக்ஸுக்கு, உடைந்த குடைக்காம்புக்கு, கன்றுக்குட்டி முளைக்குச்சிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பிடித்தால் விடாது. வீரமுத்து இரண்டு வளையத்தைச் சடை ஆரம்பிக்கிற இடத்தில், பிடரிக்கு மேலே, மூன்று சுற்றுச் சுற்றி மாட்டினான். மேலே ரிப்பனை வைத்து மறைத்தான். அன்றைக்குச் சாயந்திரம் சடை போன மாதிரியே திரும்பி வந்தது. வீரமுத்துவுக்கு அன்றைக்கு ஒரு டயர் கம்பெனியே தன்னுடையது என்கிற மாதிரி நடை.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. பிள்ளை ஆறாவதுக்கு வந்தது. ஆடி மாசத்தில் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணம் என்றார்கள். பிறகு ரத்தத்தில் தட்டணு குறைந்துவிட்டது என்று அரியலூர் பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மலர்கொடி அங்கிருந்து வர முடியாமல் போனில் விசும்பிக்கொண்டிருந்தாள். வீரமுத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளை பிழைத்தால் முடி வளர்த்துக் குலசாமிக்கு இறக்குகிறேன் என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டான். அவன் வாழ்நாளில் முடி வளர்க்கச் சம்மதித்தது அது ஒன்றுக்குத்தான். அதே வராந்தாவில், அவனுக்குத் தெரியாமல், அம்பிகாவும் நேர்ந்துகொண்டாள். அவள் நேர்ந்தது தன் முடியை இல்லை, பூவிழியின் முடியை.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சங்கதி வெளியே வந்தது.

“தை கடேசி வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறோம். ஒனக்கும் மொட்ட, புள்ளைக்கும் மொட்ட. ஒரே வண்டி, ஒரே பூசை” என்று அம்பிகா முடிவாகச் சொன்னாள்.

பூவிழி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பெரிய பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் போயிருந்தாள். பையன்களும் படிக்கிற பள்ளிக்கூடம். மொட்டை போட்டால் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மாசியில் அம்மா வருகிறாள். அம்மா மாதிரி நீளச் சடையோடு ஏர்போர்ட்டில் போய் நிற்க வேண்டும் என்று பிள்ளை அம்மா போன நாளிலிருந்து மனசில் வைத்திருந்தது. மலர்கொடிக்குப் போனில் சொன்னபோது அவளுக்கும் கோபம் வந்தது. என் மகள் தலையை நேர்ந்துகொள்ள இவர்கள் யார் என்றாள். ஆனால் சாமி காரியம் என்று குரல் இறங்கியது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. “நீங்க பாத்து ஏதாச்சும் பண்ணுங்க” என்று வீரமுத்து தலையில் போட்டுவிட்டாள்.

அவன் என்ன பண்ணுவான்? அக்கா சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளையின் முடி நாளுக்கு நாள் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. முன்பக்க முடி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. பின்பக்கம் வளரவே இல்லை. இருந்ததும் குறைந்தது. சீவினால் துண்டு துண்டாகக் கையோடு வந்தது. சடை வர வர எலிவால் மாதிரி ஆனது. காய்ச்சல் முடியைத் தின்றுவிட்டது என்றாள் அம்பிகா. இப்படி வைத்துக்கொண்டு என்னத்துக்கு, வழித்துவிட்டால் புதுசாக நேராக முளைக்கும் என்றாள். ஏற்கெனவே போட்ட மொட்டையெல்லாம் நேராக முளைத்த மாதிரிதான்.

வீரமுத்து முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டான். சுண்ணாம்புக்கல் பூமி. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். வண்டியில் குடம் கட்டிக்கொண்டு போய் நல்ல தண்ணீர் பிடித்து வந்து தலைக்கு ஊற்றினான். நிற்கவில்லை. எண்ணெயைச் சந்தேகப்பட்டான். தேங்காய் எண்ணெயை நிறுத்தி விளக்கெண்ணெய் வைத்தான். தலை பிசுபிசுத்து, சீப்பு இன்னும் மோசமாகச் சிக்கியது. மலர்கொடி போனில், நீங்கள் பின்பக்கம் சோம்பேறித்தனமாகச் சீவுகிறீர்கள், இழுத்து அழுத்திச் சீவுங்கள் என்றாள். இழுத்துச் சீவினான். பிள்ளை அழுதது. முடி கூடுதலாகக் கொட்டியது.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பூவிழி நனைந்துகொண்டே கடைக்குள் ஓடிவந்தாள். ரிப்பன் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. வளையங்களை உருவிப் புத்தகப் பைக்குள் போட்டுவிட்டு, முடியை விரித்து விட்டபடி தொட்டிப் பக்கம் நின்று நடுங்கினாள். வீரமுத்து துவட்டிவிடத் துண்டை எடுத்தவன் அப்படியே நின்றான்.

துண்டும் சீப்பும் படாத ஈரத்தில் அந்த முடியை அவன் நின்று பார்த்ததே இல்லை. காய்ந்த முடியில் எல்லாம் ஒரே புதராகத்தான் தெரியும். நனைந்ததும் அது தானாகப் பிரிந்து தன் குணத்தைக் காட்டியது. நெற்றியிலிருந்து காதுவரை இறங்கியது பெரிய பெரிய அலை. ஏரியில் காற்றடித்த மாதிரி. அது மலர்கொடி முடி, சந்தேகமே வேண்டாம். உச்சியில் இருந்தது வேறு தினுசு. பெருவிரல் நுழைகிற அளவுக்குச் சுருள் சுருளாக, சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி. பிடரிக்கு வந்தால் அதுவும் இல்லை. பேனா ரீஃபிளில் கோத்திருக்கிற கம்பிச் சுருள் மாதிரி, பொடிப்பொடியாக, நெருக்கமாக. ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தால் ஒரு சாண் நீளம் வந்தது. விட்டால் ஓடிப்போய்ச் சுருட்டிக்கொண்டது.

ஒரு தலையில் மூன்று முடி. மூன்றையும் சேர்த்து ஒரே சீப்பால் இத்தனை நாள் இழுத்திருக்கிறான். அவன் விரலால் பின்னந்தலையைக் கோதிப் பார்த்தான். ஈரத்தில் சிக்கு லேசாக விட்டுக்கொடுத்தது. நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனான். மழை விடுவதற்குள் பாதித் தலை பிரிந்துவிட்டது.

“வலிக்குதா?”

“இல்லப்பா. இன்னிக்கு ஒனக்கு என்னா ஆச்சு?” என்றாள் பூவிழி.

அன்றிலிருந்து வேலையை மாற்றிக்கொண்டான். காய்ந்த தலையில் சீப்பு வைப்பதை நிறுத்தினான். சீயக்காய் போட்டுக் கரகரவென்று தேய்ப்பதை விட்டு, உசிலை இலைத் தூளான அரப்பைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தான். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்தால் வழவழவென்று கொழகொழப்பாக வரும். அதைப் பின்னந்தலைக்கு மட்டும் நிறையத் தடவி, விரலாலேயே சிக்கெடுத்தான். உச்சிக்குப் பாதி. முன்பக்கத்துக்கு அது வேண்டாம். தடவினால் அலை செத்துப்போய்ப் பிசுக்கென்று நெற்றியில் ஒட்டிக்கொண்டது. எண்ணெயும் அப்படித்தான். முன்னால் நாலு சொட்டு போதும். பின்னால் ஈரம் இருக்கும்போதே வைத்தால்தான் இழுத்துக்கொண்டது. டர்க்கித் துண்டை எறிந்துவிட்டுப் பழைய வேட்டித் துணியில் பிழிந்தான். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தப்புத் தப்பாகச் செய்து, பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. கடைக்கு வருகிற ஆட்கள், என்ன வீரமுத்து, பஞ்சர் கடையைப் பார்லர் ஆக்கிவிட்டாயா, எனக்கும் கொஞ்சம் செம்பருத்தி போடு என்று கிண்டல் பண்ணினார்கள். அவன் டயரைப் பார்த்துக்கொண்டே, ஒன் தலைக்கு பெயிண்ட்தான் அடிக்கணும் என்றான்.

வந்தவர்கள் தலையை எல்லாம் அவன் கண் மேய்ந்தது. கொத்தனார் வேலைக்குப் போகிற பையனுக்குப் பெரிய அலை. பால்காரருக்கு ஸ்பிரிங். ஆனால் பிள்ளையின் பிடரியில் இருந்த அந்தப் பொடிச் சுருள் யாரிடம் இருந்து வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. அதைப் பூவிழிதான் கண்டுபிடித்தாள்.

கார்த்திகை பிறந்திருந்தது. ஆடியில் நேர்ந்ததிலிருந்து வீரமுத்து தலையில் கத்தரி படவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் வந்த பூவிழி அவன் பிடரியில் விரலை விட்டாள்.

“ப்பா, ஒன் பின்னாடி முடியப் பாரு. அப்புடியே என்னுது.”

அவள் போனில் படம் பிடித்துக் காட்டினாள். நாற்பத்து நாலு வயசில் வீரமுத்து முதல் தடவையாகத் தன் முடியைப் பார்த்தான். பொடிப்பொடியாக, நெருக்கமாக, ரீஃபிள் கம்பி மாதிரி. தன்னுடையது என்ன முடி என்றே தெரியாமல் இத்தனை வருஷம் வெட்டித் தள்ளியிருக்கிறான். மலர்கொடி சொன்ன வைத்தியமெல்லாம் மலர்கொடி முடிக்கு. பின்னால் இருந்தது இவன் முடி. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. சிக்குத் தீர்ந்தது, வலி தீர்ந்தது, பிள்ளை அழுவது நின்றது. ஆனால் பின்னந்தலையில் முடி ஒடிவது மட்டும் நிற்கவில்லை. சுருள் நன்றாகத்தான் இருந்தது, மறுவாரம் அதே சுருள் பாதியில் முறிந்து கையில் வந்தது. தை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்பிகா வண்டி பேசிவிட்டாள்.

அந்தச் சமயத்தில் தா.பழூர்க்காரர் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறு எங்கோ இரண்டு முறை பஞ்சர் ஒட்டியும் மறுபடியும் காற்று இறங்கிவிட்டதாம். டியூப் சரியில்லை, புதுசு போடு என்றார். வீரமுத்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான். ஓட்டை பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“ஒரே எடத்துல போச்சுன்னா டியூப் மேல தப்பு இல்லங்க. அந்த எடத்துல என்னாமோ குத்திக்கிட்டு இருக்கு.”

ரிம்முக்குள் விரலை ஓட்டினான். ஒரு கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதை அரத்தால் ராவி எடுத்தான். ராவிக்கொண்டே இருந்தவன் கை நின்றது.

வண்டிக்காரரை அனுப்பிவிட்டுக் கடையைப் பாதியில் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சனிக்கிழமை, பிள்ளை வீட்டில் இருந்தது. திரும்பி உட்காரச் சொல்லிப் பின்னந்தலையைப் பிரித்துப் பார்த்தான். ஒடிந்த முடி எல்லாம் ஒரே உயரத்தில் ஒடிந்திருந்தது. காய்ச்சலில் கொட்டினால் வேரோடு வரும். தண்ணீரில் கெட்டால் எங்கே வேண்டுமானாலும் முறியும். இது அறுத்த மாதிரி ஒரே வரிசையாக, பிடரிக்கு மேலே, சடை ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. டியூப் வளையம் உட்காருகிற இடம். ஜன்னல் மாடத்தில் வளையங்கள் போட்டு வைக்கிற டப்பாவை எடுத்துக் கவிழ்த்தான். ஒவ்வொரு வளையத்திலும் முடி. ரப்பரைப் பிடித்துக்கொண்டு, அறுந்து, சுற்றிக்கொண்டிருந்தது. முன்பக்க அலை முடியாவது நழுவித் தப்பித்துக்கொள்ளும். இந்தப் பொடிச் சுருள் வளைந்து வளைந்து போகிற முடி. ஒவ்வொரு வளைவிலும் ரப்பர் கவ்வும். காலையில் மாட்டும்போது ஒரு தடவை, சாயந்திரம் உருவும்போது ஒரு தடவை. இரண்டு வருஷம்.

வீரமுத்து ஒரு வளையத்தில் சுற்றியிருந்த முடியை நகத்தால் பிரித்துப் பார்த்தான். பிள்ளை என்னவென்று கேட்டது. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு நிறுத்திக்கொண்டு, “நாந்தாம்மா அறுத்துருக்கேன்” என்றான்.

அன்றைக்கு மலர்கொடி கூப்பிட்டபோது போனைப் பிள்ளையின் பின்னந்தலைக்கு நேரே காட்டினான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் பிள்ளையின் தலையை இன்னும் கிட்டே காட்டச் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாவது நாள் கூப்பிட்டவள் அவனிடம் பேசாமல் மகளிடம் பேசினாள். துணி ரப்பர் பேண்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

துணி சுற்றிய ரப்பர் பேண்டு ஜெயங்கொண்டத்தில் கிடைத்தது. அதையும் பிடரியில் மாட்டாமல், கழுத்துக்குக் கீழே, தளர்வாக மாட்டினான். சடை கொஞ்சம் புஸ்ஸென்றுதான் இருந்தது. வீரமுத்து பள்ளிக்கூடத்துக்கே போய், இது சடைதான், இதற்கு மேல் இழுத்தால் முடி இருக்காது என்று ஆறாம் வகுப்பு சுமதி டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தான். டீச்சர் நல்ல மாதிரி. நீட்டாக இருந்தால் சரி என்றார்கள்.

தை கடைசி வெள்ளி வந்தது. வேனில் அரும்பாவூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற குலசாமி கோயிலுக்குப் போனார்கள். பூவிழி ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். தலையில் துப்பட்டாவைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீரமுத்து அவளுக்கு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. சாமிக்கு நேர்ந்ததை இல்லை என்று சொல்வது அவனுக்கும் பயம்தான். ஆஸ்பத்திரி வராந்தாவை அவன் மறக்கவில்லை.

முடி இறக்குகிற நாவிதர் வேப்பமரத்தடியில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் வீரமுத்து உட்கார்ந்தான். தண்ணீரைத் தெளித்துத் தேய்த்த நாவிதர், இவ்வளவு சுருள் முடியை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். மளமளவென்று வழித்தார். சுருள் சுருளாக முடி மடியில் கிடந்த துணியில் விழுந்தது. சந்தனம் பூசியாயிற்று. அடுத்து புள்ளையை உட்காரச் சொல் என்றாள் அம்பிகா. பூவிழி அப்பாவைப் பார்த்தாள்.

வீரமுத்து பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“புள்ளைக்கு மொட்ட இல்லக்கா.”

“என்னாடா சொல்ற? நேந்துகிட்டது. சாமி வாசல்ல நின்னுகிட்டு வெளையாடாத.”

“வெளையாடல. நீ என்னா நேந்துகிட்ட? இவ முடிய. இவ தலைல பின்னாடி இருக்கறது யாரு முடி? என் முடி. இந்தா எறங்கிருச்சு, ஒரு மயிரு பாக்கியில்லாம. எடுத்து ரெண்டையும் சேத்து வச்சுப் பாரு, வித்தியாசம் சொல்லு.”

அம்பிகா துணியில் கிடந்த முடியைப் பார்த்தாள். பூவிழியின் பிடரியைப் பார்த்தாள். நாவிதரும் எட்டிப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“அதெப்புடிடா, தலைக்குத் தலை கணக்கு ஆவும்?” என்றாள் அம்பிகா. ஆனால் குரலில் முந்தைய வேகம் இல்லை.

“ஒன் கொண்டைய அவுத்துப் பாருக்கா. ஒனக்கும் அதே முடியாத்தான் இருக்கும். நம்ம அப்பன் வூட்டு முடி அது. சாமிக்குத் தெரியாதா? புள்ள முன்முடி அவ அம்மா வூட்டு முடி. அதுக்கு வேணா நுனில மட்டும் நறுக்கி பூமுடி குடுக்கறேன். அதுக்கு மேல கேட்டா, நீ ஒக்காரு.”

கூட வந்த சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அம்பிகா கொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் மொட்டை போட்டுவிடப் போவதில்லை, இருந்தாலும் பிடித்துக்கொண்டாள். சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நாவிதரிடம், பொம்பளைப் பிள்ளைக்குப் பூமுடி கொடுத்தால் நேர்த்திக்கடன் தீருமா என்று கேட்டாள்.

“தீருங்க. குடுக்கற மனசுதான். அப்பன் முழுசா குடுத்துட்டாருல்ல.”

நாவிதர் கத்தியை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். பூவிழியின் முன்பக்க அலையில் நுனியாக மூன்று இடத்தில் ஒரு விரற்கடை நறுக்கி, அப்பன் முடியோடு சேர்த்துத் துணியில் போட்டார். பின்பக்கம் கையை வைக்கவில்லை. குனிந்து பிடரியைப் பார்த்தவர், அடியிலிருந்து புது முடி ஒடியாமல் கிளம்பி வருகிறது என்று சொன்னார். பூவிழி துப்பட்டாவை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அம்பிகா அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் தம்பியிடம் பேசவில்லை. பொங்கலை மட்டும் கூட ஒரு கரண்டி வைத்தாள்.

மாசியில் மலர்கொடி வந்து இறங்கினாள். ஏர்போர்ட்டில் பூவிழி தலையை விரித்துவிட்டுக்கொண்டுதான் நின்றாள். முன்னால் நெஞ்சுக்குக் கீழே அலை. பின்னால் காதளவுக்குப் பொடிச் சுருள், அங்கங்கே நீண்டு தப்பித்த நாலு கற்றை. நீளச் சடை இல்லை. மலர்கொடி மகளைக் கட்டிக்கொண்டாள், தலையைத் திருப்பிப் பார்த்தாள், புருஷன் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் எனக்கு நல்ல வரவேற்புதான் குடுக்குறீங்க” என்றாள். கார் ஏறும்வரைக்கும் அவனிடம் அதற்கு மேல் பேசவில்லை. டியூப் விஷயத்தை அவள் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. இன்றைக்கும் சண்டை வந்தால் அதைத்தான் முதலில் எடுப்பாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். மலர்கொடி எண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாக மகளைப் பிடித்து உட்கார வைத்தாள். முன்பக்கம் சீவி முடித்தாள். சீப்பு பின்னால் போனதும் பூவிழி கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த தலையில் வேண்டாம் என்றாள். மலர்கொடிக்குப் புரியவில்லை. ஒரு தலைக்கு இரண்டு சட்டமா என்றாள். வீரமுத்து கடைக்குக் கிளம்பி, வண்டியை உதைத்துவிட்டிருந்தான். உள்ளிருந்து பெண்சாதி கூப்பிட்டாள்.

“ஏங்க, வந்து ஒங்க பங்க முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. நேரமாவுது.”

அவன் வண்டியை அணைத்தான். கையில் கிரீஸ் இல்லையே என்று வேட்டியில் துடைத்துப் பார்த்துக்கொண்டு, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.